அடுப்பேறாத ஒரு கிண்ணம்

பாலும் நெய்யும் இல்லாமல், சமைக்காமல் சாப்பிடும் முறை பரவி வருகிறது. நம் வீட்டுச் சமையலறையில் அதற்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

1929-ஆம் ஆண்டு மே மாதம். ஆந்திரப் பகுதியில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, சமைத்த உணவை நிறுத்தினார். ராஜமுந்திரியைச் சேர்ந்த சுந்தரம் கோபாலராவ் என்ற இயற்கை உணவுக்காரர் அவரை இதில் இழுத்துவிட்டிருந்தார். அப்போது காந்திக்கு 59 வயது. தினமும் என்ன சாப்பிடுகிறார் என்பதை ‘யங் இந்தியா’ இதழில் அவரே கணக்காக எழுதினார். முளைவிட்ட கோதுமை 8 தோலா, அரைத்த பாதாம் 8 தோலா, இடித்த பச்சைக் கீரை 8 தோலா, எலுமிச்சம்பழம் ஆறு, தேன் இரண்டு அவுன்ஸ். எட்டுத் தோலா என்பது ஏறக்குறைய 93 கிராம். உடன் இருந்தவர்கள் சிலரும் இந்தச் சோதனையில் சேர்ந்துகொண்டார்கள்.

ஆகஸ்ட் மாதம் காந்திக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது. சோதனையை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அதையும் மறைக்காமல் அதே இதழில் எழுதினார்.

இன்று செல்போன் திரையில் பச்சைக் காய்கறியின் மகிமை பேசுகிறவர்கள் எல்லோரும் மே மாதக் கதையைத்தான் சொல்கிறார்கள். ஆகஸ்ட் மாதக் கதையை யாரும் சொல்வதில்லை. ‘இருபத்தொரு நாளில் சர்க்கரை நோய் போய்விடும்’, ‘அடுப்பை அணைத்தால் ஆஸ்பத்திரி வேண்டாம்’ என்கிறார்கள். இன்னொரு பக்கம், இதையெல்லாம் வெறும் மேல்தட்டுப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே நம் சமையலறையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

இரண்டு வழிகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். வீகன் உணவும் சமைக்காத உணவும் வெவ்வேறு. மாமிசம், மீன், முட்டையோடு பால், தயிர், நெய், தேன் என்று விலங்கிலிருந்து வரும் எதையும் தொடாதது வீகன் முறை. நனிசைவம் என்றும் சொல்கிறார்கள். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் சில நண்பர்களும் சேர்ந்து இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களை உந்தியது உடல்நலத்தைவிட உயிரிரக்கம்தான். நெய் விடாத சாம்பாரும் நல்லெண்ணெயில் வார்த்த தோசையும் வீகன். எண்ணெயில் பொரித்த மெதுவடையும் வீகன்தான். ஆகவே வீகன் என்றாலே ஆரோக்கியம் என்று நினைக்க வேண்டாம். மைதா பரோட்டாவைப் பாமாயிலில் போட்டு எடுத்தாலும் அது வீகன் கணக்கில் சேர்ந்துவிடும்.

சமைக்காத உணவின் வரலாறு வேறு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மாக்ஸ் பிர்ச்சர்-பென்னர் என்ற மருத்துவர், இரவில் ஊறவைத்த ஓட்ஸோடு தோலோடு துருவிய ஆப்பிள், எலுமிச்சைச் சாறு, பருப்புகள் சேர்த்துத் தன் நோயாளிகளுக்குக் கொடுத்தார். சுமார் 1900 வாக்கில் தொடங்கிய அந்தக் கிண்ணம்தான் இன்று சூப்பர் மார்க்கெட்டில் அட்டைப் பெட்டிக்குள் ‘மூஸ்லி’யாக உட்கார்ந்திருக்கிறது. அவர் கொடுத்ததில் ஆப்பிள்தான் அதிகம், தானியம் கொஞ்சம். பெட்டியில் இருப்பது தலைகீழ், போதாததற்குச் சர்க்கரை.

நம் பக்கத்தில் பொதிகை மலையடிவாரத்துச் சிவசைலம் நல்வாழ்வு ஆசிரமம் இயற்கை உணவுக்குப் பேர்போன இடம். தேங்காயும் பழமும் முளைவிட்ட பயறுமே உணவு என்ற கொள்கை தென் மாவட்டங்களில் பரவியதில் அதற்குப் பங்கு உண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அரசே ஒரு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி நடத்துகிறது. வீகன் உணவுக்கென மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் தனி விதிமுறை வெளியிட்டு, பொட்டலத்தில் போட ஒரு பச்சை முத்திரையும் கொடுத்துவிட்டது. ஆக, இது யாரோ நாலு பேரின் வேடிக்கை என்ற நிலை தாண்டிவிட்டது.

தட்டில் என்ன குறைகிறது?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம் என்று சொல்லியிருக்கிறது. தானியம் 250 கிராம்தான். நம் வீட்டு மதியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் எலுமிச்சங்காய் அளவு பொரியல். அந்தப் பொரியலிலும் பாதி உருளைக்கிழங்கு. இரவு நாலு இட்லி, இரண்டு தோசை, காய் என்ற பேச்சே கிடையாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. புதுச்சேரியில் 26.3 சதவீதம், அதாவது நாலில் ஒருவருக்கு மேல். காரணம் உணவு மட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சோற்று மலையும் காய்த் துளியும் என்ற நம் தட்டு இதில் கை கழுவிக்கொள்ள முடியாது.

சமைக்காத உணவின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. அது மந்திரம் செய்வதில்லை, இடத்தை அடைக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காயும் கேரட்டும் முளைப்பயறும் உள்ளே போனால், மூன்றாவது கரண்டிச் சோற்றுக்கு வயிற்றில் இடம் இருக்காது. மென்று தின்ன நேரம் பிடிப்பதால் பசி அடங்கிய சேதி மூளைக்குப் போய்ச் சேரவும் அவகாசம் கிடைக்கிறது. நார்ச்சத்து கூடுகிறது, மாவு குறைகிறது. இதற்கு மேல் பெரிய ரகசியம் எதுவும் இல்லை.

பாட்டி வைத்த கோசுமல்லி

அவகாடோவும் கேல் கீரையும் ப்ரோக்கோலியும் வாங்கினால்தான் இந்த உணவு என்று ஒரு மயக்கம் இருக்கிறது. அது பர்ஸுக்குக் கேடு. அடுப்பேறாத, பால் படாத பண்டங்கள் நம் வீட்டில் எப்போதுமே இருந்திருக்கின்றன. பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் என்று அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, தினசரிக்குப் புளிக்குழம்பை வைத்துக்கொண்டோம்.

ராமநவமிக்குப் பானகம்: தண்ணீரில் வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. கூடவே ஊறவைத்த பாசிப்பருப்பில் கோசுமல்லி. ஆடிப்பெருக்குக்கும் வளைகாப்புக்கும் காப்பரிசி: ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம், தேங்காய், எள். கோடையில் நுங்கு, பதநீர், இளநீர். யாழ்ப்பாணத்தில் வல்லாரைச் சம்பல். பழனிப் பஞ்சாமிர்தமும் அடுப்பேறாததுதான், ஆனால் நெய்யும் தேனும் சேர்வதால் வீகன்காரர்கள் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டியிருக்கும்.

இவற்றில் தினசரிக்கு ஏற்றது எது என்று என்னைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கோசுமல்லி என்பேன். பாசிப்பருப்பு ஒரு கைப்பிடி எடுத்து, இரண்டு மூன்று முறை கழுவி, முக்கால் மணி நேரம் ஊறவையுங்கள். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், குழையக் கூடாது. தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிடுங்கள். ஈரம் நின்றால் அரை மணியில் சொதசொதத்துவிடும். பொடியாக நறுக்கிய வெள்ளரி, துருவிய கேரட், கொஞ்சம் மாங்காய், இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், கொத்தமல்லி. உப்பையும் எலுமிச்சையையும் இலையில் பரிமாறும் நேரத்தில்தான் சேர்க்க வேண்டும். முன்னாலேயே போட்டால் வெள்ளரி தண்ணீர் விட்டுவிடும். கடுகு, பெருங்காயம் தாளித்துக் கொட்டுவது வழக்கம். சமைக்காத உணவுக் கட்சியின் தீவிரவாதிகள் தாளிப்பைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கடுகு வெடிக்காத கோசுமல்லி பத்தியச் சாப்பாடு மாதிரி இருக்கும், நாலாவது நாள் வீட்டில் ஒருவரும் தொடமாட்டார்கள்.

தேங்காய்த் துருவல் ருசிக்காக மட்டும் சேர்வதில்லை. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைவது. கொழுப்பே இல்லாமல் கேரட்டை மட்டும் கடித்தால் அதில் பெரும்பகுதி உடம்பில் ஏறாமல் வெளியே போய்விடும். தேங்காயோ நிலக்கடலையோ இரண்டு சொட்டு நல்லெண்ணெயோ கூட இருந்தால் ஏறும். எண்ணெய் இல்லாத சாலட் சாப்பிட்டு இளைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வல்லாரைச் சம்பலும் அப்படித்தான். கழுவிய வல்லாரையை மெல்லியதாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, உப்பு சேர்த்துக் கையால் பிசறி, கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடுவார்கள். வல்லாரையின் கசப்பைத் தேங்காய் அடக்கிவிடும். சம்பலில் மாசிக்கருவாடு சேர்ப்பதும் உண்டு, வீகன் முறைக்கு அதை விட்டுவிடலாம்.

காலைக்கு அவல். கெட்டி அவலைக் கழுவிப் பத்து நிமிடம் வைத்தால் தானே மலர்ந்துவிடும். தேங்காய், வாழைப்பழம், கொஞ்சம் கருப்பட்டி, ஒரு பிடி நிலக்கடலை. இதுதான் நம் ஊர் மூஸ்லி. அவல் உண்மையில் பச்சை உணவு அல்ல, நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்துத் தட்டையாக்கியது. தீ ஏற்கெனவே பட்டுவிட்டது. இயற்கை உணவுப் புத்தகங்கள் இதைக் கண்டும் காணாமலும் விட்டுவிடுகின்றன. நாமும் விட்டுவிடுவோம். சிவப்பரிசி அவல் கிடைத்தால் நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வாழைப்பழத்துக்கும் கருப்பட்டிக்கும் பதில் வெள்ளரியும் எலுமிச்சையும் போட்டு உப்பு அவலாகச் சாப்பிடலாம். கருப்பட்டியும் சர்க்கரைதான். நிறம் கறுப்பாக இருப்பதால் ரத்தத்தில் ஏறாமல் இருக்காது.

சப்ஜா விதை என்று நாட்டு மருந்துக்கடையில் விற்கும் திருநீற்றுப்பச்சிலை விதை இருக்கும்போது, கடல் தாண்டி வரும் சியா விதைக்குக் காசைக் கொட்டுவானேன்?

தீ செய்யும் வேலை

சமைத்தால் சத்தெல்லாம் செத்துவிடும் என்பது இயற்கை உணவுக்காரர்களின் முதல் வாதம். பாதி உண்மை. வைட்டமின் சி சூட்டில் அழியும், வேகவைத்த தண்ணீரிலும் கரைந்து போகும். அதனால் நெல்லிக்காய், கொய்யா, குடமிளகாய், எலுமிச்சை இவற்றைப் பச்சையாகச் சாப்பிடுவதே லாபம். பருப்புக்கும் கீரைக்கும் எலுமிச்சை பிழிந்துகொண்டால் அவற்றில் உள்ள இரும்புச்சத்தும் நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் இதற்கு நேர் எதிர்.

மறுபாதியையும் சொல்ல வேண்டும். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் பச்சைத் தக்காளியைவிடச் சமைத்த தக்காளியிலிருந்துதான் எளிதாக உடம்பில் சேர்கிறது. நம் ரசம் அதை நன்றாகவே செய்கிறது. கேரட்டையும் வேகவைத்தால் அதன் செல் சுவர் இளகி, கரோட்டின் கூடுதலாகக் கிடைக்கும். சில கீரைகளில் இருக்கும் ஆக்ஸலேட், வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பச்சைக் கீரைச் சாறு குடிப்பது கல்லுக்குக் கல் சேர்ப்பதுதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் ஆபத்து. காய்களில் உள்ள பொட்டாசியத்தைக் குறைப்பதற்காகவே அவற்றை வேகவைத்து நீரை வடிக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். அவர்களிடம் போய் இளநீரும் பச்சைக் காயும் சர்வரோக நிவாரணி என்று சொல்வது கொடுமை.

ஹார்வர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் ரிச்சர்ட் ராங்கம் 2009-இல் எழுதிய நூல் ஒன்றில், சமையல்தான் மனிதனை மனிதனாக்கியது என்று வாதிட்டார். நம் சின்னத் தாடை, சின்னப் பல், குரங்கோடு ஒப்பிட்டால் குட்டையான பெருங்குடல் எல்லாம் வெந்த உணவுக்குப் பழகியவை என்பது அவர் கட்சி. அதை முழுதாக ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் நூறு சதவீதம் பச்சை உணவில் வாழ்ந்தவர்களின் உடம்பு சொன்ன சாட்சி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் நீண்ட காலம் பச்சை உணவே சாப்பிட்டுவந்த 500-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 1999-இல் ஒரு கட்டுரை வெளியானது. எடை நன்றாகவே குறைந்திருந்தது. 45 வயதுக்குட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தப்பியிருந்தது அல்லது நின்றே போயிருந்தது. உடம்பு, பஞ்சம் வந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டதன் அடையாளம் அது.

கோசுமல்லிக் கிண்ணம் இருக்கட்டும், பக்கத்தில் ரசமும் இருக்கட்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

கழுவாத முட்டைக்கோஸ்

சமைக்காத உணவைப் பற்றி நம் ஊரில் எழுதுபவர்கள் சுத்தத்தைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு அத்தியாயமே எழுத வேண்டிய விஷயம் அது. தீ என்பது ருசிக்காக மட்டும் வந்ததில்லை. கிருமியைக் கொல்வதும் அதன் வேலை. அடுப்பை விட்டு விலகினால் அந்த வேலையை உங்கள் கையும் குழாய்த் தண்ணீரும் செய்ய வேண்டும்.

பன்றி நாடாப்புழுவின் முட்டை கழிவுநீர் வழியாகக் காய்கறியில் ஒட்டி, கழுவாமல் தின்றவரின் வயிற்றுக்குள் போய், அங்கிருந்து மூளையில் போய்த் தங்கி வலிப்பு உண்டாக்கும். பன்றி இறைச்சியைக் கண்ணால் பார்க்காத சுத்த சைவர்களுக்கும் வரும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்த நோயை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். முட்டைக்கோஸ் என்றால் மேல் இலை மூன்றைக் கழற்றி எறிந்துவிட்டு, மற்றதைத் தனித்தனி இலையாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். கொத்தமல்லி, புதினா, வல்லாரைக்கு வேரையும் மண்ணையும் வெட்டிவிட்டு, அகலப் பாத்திரத்தில் தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலச வேண்டும். குடிக்க உதவாத தண்ணீர், பச்சைக் காயைக் கழுவவும் உதவாது.

முளைகட்டிய பயறில் அடுத்த எச்சரிக்கை. 2011-இல் ஜெர்மனியில் ஒரு வகை ஈ.கோலை கிருமி பரவி ஏறக்குறைய 4,000 பேர் படுத்தார்கள், 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெள்ளரிக்காய் மேல் முதலில் பழி விழுந்து, ஸ்பெயின் விவசாயிகள் லாரி லாரியாகக் காயைக் கொட்ட வேண்டி வந்தது. கடைசியில் காரணம் என்று தெரிந்தது வெந்தய முளை. எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையிலேயே கிருமி ஒட்டியிருந்திருக்கிறது. பயறு முளைக்க எது வேண்டுமோ, அதாவது ஈரமும் வெதுவெதுப்பும், அதுவே கிருமிக்கும் வேண்டும்.

இதற்காக முளைப்பயறை விட்டுவிட வேண்டியதில்லை. காய்ந்த பயறில் இல்லாத வைட்டமின் சி முளையில் உண்டாகிறது, இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடும் பைட்டேட் குறைகிறது. பச்சைப்பயறை இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, சுத்தமான வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். காலையும் மாலையும் அலசுங்கள். நம் கோடைக்கு மறுநாள் காலைக்குள் அரை விரற்கடை முளைத்துவிடும், அதற்கு மேல் வைக்க வேண்டாம். லேசாக வாடை வந்தாலும், கொழகொழவென்று பட்டாலும் செடிக்குப் போட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கு முளைப்பயறை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். சத்து கொஞ்சம் போகும், போகட்டும்.

எல்லாப் பயறும் பச்சையாகத் தின்னத் தக்கவை அல்ல. ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் வாந்தியும் பேதியும் உண்டாக்கும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் அது அடங்கும். மொச்சை, சோயா இரண்டையும் வேகாமல் தொடாதீர்கள். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகக் கடித்தால் சயனைடு.

சாறு குடிக்கும் பழக்கம் தனி வம்பு. 2010-இல் டெல்லியில் அரசு ஆராய்ச்சித் துறை அதிகாரி ஒருவர் சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்து இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு நிபுணர் குழு வைத்து விசாரித்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அறிவுறுத்தியது. சுரைக்காயின் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அரைக்க வேண்டும், கசந்தால் முழுக் காயையும் எறிய வேண்டும். கேரளத்தில் கொழுப்புக் குறையும் என்று நம்பி இரும்பன்புளிச் சாற்றைக் கெட்டியாகக் குடித்தவர்கள் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஒரு துண்டு இரும்பன்புளி குழம்பில் கிடந்தால் ஒன்றும் ஆகாது. பத்துக் காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் ஊற்றினால் அது வேறு பொருள். பழத்திலும் இதே நியாயம்தான். மூன்று ஆரஞ்சை உட்கார்ந்து தின்ன நேரமாகும், வடிகட்டிய சாறாக ஒரே மடக்கில் இறங்கிவிடும், நார் மட்டும் வடிகட்டியில் தங்கிவிடும்.

பாலுக்குப் பதில்

இனி வீகன் பக்கம். நம் சைவச் சமையலில் இருந்து பாலை எடுப்பது, நினைக்கிற அளவுக்குக் கஷ்டமில்லை. குழம்பு, ரசம், கூட்டு, பொரியல், இட்லி, துவையல் எதிலும் பால் கிடையாது. நெய்க்குப் பதில் நல்லெண்ணெய், பாயசத்துக்குத் தேங்காய்ப்பால். முட்டிக்கொள்வது இரண்டே இடத்தில். ஒன்று காபி, இன்னொன்று தயிர்சாதம்.

காபியை ஏமாற்ற முடியாது. சூடான டிக்காஷனில் தேங்காய்ப்பாலை விட்டால் திரிந்துபோகும், திரியாவிட்டாலும் பாயச வாடை அடிக்கும். ஓட்ஸ் பானம் பரவாயில்லை, ஆனால் விலை. தென் மாவட்டங்களில் கருப்பட்டி போட்ட கடுங்காப்பி எப்போதும் உண்டு. சுக்குமல்லிக் காப்பியும் உண்டு. பழகிக்கொள்வதே வழி.

தயிருக்கு நிலக்கடலை. ஒரு கப் கடலையை இரவு ஊறவைத்து, தோலை உரித்து, மூன்று கப் தண்ணீர் விட்டு மையாக அரைத்து வடிகட்டிக் காய்ச்சுங்கள். சுருங்கியது, பூஞ்சை பிடித்தது ஒன்று இருந்தாலும் பொறுக்கி எறிய வேண்டும். பூஞ்சைக் கடலையின் நஞ்சு காய்ச்சினாலும் போகாது. கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், கிள்ளிய நாலைந்து பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால் எட்டு மணி நேரத்தில் உறையும். அடுத்த தடவைக்கு இதிலிருந்தே உறை எடுத்துக்கொள்ளலாம். புளிப்பு வரும், கெட்டியும் வரும், கடலை வாடை மட்டும் முழுதாகப் போகாது. மோர்க்குழம்புக்கும் தாளித்த மோருக்கும் இது நன்றாக ஒத்துப்போகிறது. வெறும் தயிர்சாதத்தில் நாக்கு கண்டுபிடித்துவிடும்.

சுண்ணாம்புச் சத்துக்குப் பயப்பட வேண்டாம். நூறு கிராம் பாலில் சுமார் 120 மில்லிகிராம் என்றால், நூறு கிராம் கேழ்வரகில் 340-க்கு மேல். எள்ளில் அதைப்போல் மூன்று மடங்கு, ஆனால் எள்ளை அரைத்தோ இடித்தோ சாப்பிட வேண்டும், முழு எள் வந்தபடியே வெளியே போகும். முருங்கைக்கீரையும் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். புரதத்துக்குப் பருப்பும் பயறும் நிலக்கடலையும் வேளைக்கு வேளை வேண்டும், வெறும் காயும் பழமும் போதாது.

பயப்பட வேண்டியது பி12-க்கு. இந்த வைட்டமினை உண்டாக்குவது நுண்ணுயிரிகள். நமக்கு அது இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாகத்தான் வருகிறது. தாவர உணவு எதிலும் நம்பத் தகுந்த அளவில் இல்லை. இட்லி மாவு புளிப்பதில் கிடைக்கும், கழுவாத கீரையில் கிடைக்கும், ஸ்பைருலினாவில் கிடைக்கும் என்று சொல்வதெல்லாம் நம்பி உடம்பைக் கொடுக்கிற அளவுக்கு இல்லை. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் மனித உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரலில் இருக்கும் சேமிப்பு சில வருடங்கள் தாங்கும், அதனால்தான் ‘மூன்று வருடமாக வீகன், ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. அப்புறம் பாதத்தில் மதமதப்பு, நாக்கில் புண், மறதி, சோகை என்று ஒவ்வொன்றாக வரும். நரம்பில் ஏற்பட்ட சேதம் கவனிக்காமல் விட்டால் திரும்பாமலே போகலாம். தீர்வு சாதாரணமானது. விலை குறைந்த மாத்திரை ஒன்று, டாக்டர் சொல்லும் அளவில். ‘இயற்கை’ வழியில் மாத்திரை கூடாது என்கிற குருமார்களை இந்த விஷயத்தில் கேட்க வேண்டாம். பால் சாப்பிடும் சைவர்களிலேயே இந்தக் குறை பரவலாக இருக்கிறது. அதனால் பாலை நிறுத்துவதற்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. வளரும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலை நிறுத்துவதை மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. இன்சுலினையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்திவிட்டு முளைப்பயறை நம்புவதைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் அப்படியும் செய்கிறார்கள்.

யார் நறுக்குவது?

அடுப்பை அணைத்தால் பெண்களுக்கு வேலை குறையும் என்று ஒரு பேச்சு உண்டு. சமையலறைக்குள் போகாதவர்கள் சொல்கிற பேச்சு. கடலைத் தோல் உரிப்பதும், தேங்காய் துருவுவதும், கொத்தமல்லியை நாலு தண்ணீரில் அலசுவதும், முளைப்பயறுத் துணியைக் காலையும் மாலையும் நனைப்பதும் குக்கரில் மூன்று விசில் விடுவதைவிட அதிக வேலை. மிச்சமானால் சுடவைத்து இரவுக்கு வைத்துக்கொள்ளவும் முடியாது. வீட்டுக்காரர் இயற்கை உணவுக்கு மாறிவிட்டார் என்றால், பல வீடுகளில் அதன் அர்த்தம் வீட்டுக்கார அம்மா இரண்டு சமையல் செய்கிறார் என்பதுதான்.

ஆனால் இந்த வேலையில் தீ இல்லை, கொதி எண்ணெய் இல்லை, பதம் தப்பும் பயம் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பருப்பைக் கழுவி ஊறவைக்கவும் எலுமிச்சை பிழியவும் தெரியும். கேரட் துருவியில் விரல் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் போதும். தேங்காய் உடைத்துத் துருவுவதை வீட்டு ஆண்கள் எடுத்துக்கொள்ளலாம், கை வலிக்கிற வேலை அதுதான். உப்புப் போடுவதை மட்டும் கடைசியில் ஒருவரே செய்யட்டும். ஆளுக்கு ஒரு கல் போட்டால் கரித்துவிடும். மாங்காய்ப் பருவம் முடிந்துவிட்டால் நெல்லிக்காயைத் துருவிப் போடலாம், அதுவும் கிடைக்காத நாளில் எலுமிச்சை இன்னும் அரை மூடி.